கயாவில் யாரும் ரசம் சாதத்தை விடுவதில்லை

காசிக்குப் போய்த் திரும்பியவரைக் கண்டதும் தெருவில் நாலு பேராவது கேட்பார்கள்: "என்னத்த விட்டுட்டு வந்தீங்க?" கயாவில் பல்கு நதிக்கரையிலும் விஷ்ணுபாதத்திலும் பிண்டம் போட்டுவிட்டு, கடைசியாக அட்சயவடம் என்னும் ஆலமரத்தடிக்கு வரும்போது, அங்கிருக்கும் பண்டா என்னும் புரோகிதர் ஒரு காயின் பெயரையும் ஒரு பழத்தின் பெயரையும் சொல்லச் சொல்வார். சொன்னதை அன்றோடு விட்டுவிட வேண்டும். கண்ணை மூடும்வரை தொடக் கூடாது. பிரியமானதைத்தான் விட வேண்டும் என்பது சம்பிரதாயம். நம் ஆட்கள் பாகற்காயை விடுகிறார்கள். கோவைக்காயை விடுகிறார்கள். பழம் என்றால், சந்தையில் எப்போதாவது தலைகாட்டும் விளாம்பழம். "அதை நீங்க என்னிக்கு சாப்பிட்டீங்க?" என்று பக்கத்தில் நிற்கும் மனைவி முணுமுணுப்பார். பண்டாவுக்குத் தமிழ் புரிந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

சின்னத் தில்லுமுல்லுதான். ஆனால் கேட்கிறவர், கொடுக்கிறவர் இருவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. பற்றை அறுக்கச் சொல்லும் மதம் அந்த மரத்தடியில் நிலத்தையோ நகையையோ கேட்கவில்லை, நாக்கைக் கேட்கிறது. அங்கேதான் பிடி இறுகியிருக்கிறது என்று அதற்குத் தெரியும். நாக்கிலும் குறிப்பாக, சின்ன வயசில் ராத்திரித் தட்டில் விழுந்த சோற்றின் மேல் இருக்கிற பிடி. அது அறுக்க வேண்டிய தளைதானா? இந்தக் கேள்விக்கு நம் மரபு ஒரே பதிலைச் சொன்னதில்லை.

முதலில், செத்தவர்களுக்கு வைக்கிற இலையைப் பார்க்கலாம். பிராமண வீட்டுத் திவசச் சமையலுக்குத் தனிச் சட்டம் உண்டு. மிளகாய் கிடையாது, காரத்துக்கு மிளகு. பெருங்காயம் கூடாது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், தக்காளி போன்ற 'இங்கிலீஷ் காய்கள்' அன்றைக்குப் படியேறக் கூடாது. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், பாகற்காய் எல்லாம் உண்டு. வசிஷ்டர் வீட்டுச் சிராத்தத்துக்கு வர ஒப்புக்கொண்ட விசுவாமித்திரர் 1008 காய்கறி வேண்டும் என்று கேட்டாராம். அருந்ததி அசரவில்லை. சிராத்தக் கணக்கில் பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு. கூட எட்டுக் காய் வைத்தாள், கணக்கு சரியாகிவிட்டது என்று கதை. ஆக, கயாவில் பாகற்காயை 'தியாகம்' செய்த மனிதர், காலமான பிறகு வருஷா வருஷம் அதையே இலையில் பெறுகிறார். உயிரோடு இருந்தவரை உருளைக்கிழங்கு ரோஸ்ட் இல்லாமல் தட்டில் கை வைக்காதவருக்கு அது மட்டும் கிடைக்காது.

மற்ற வீடுகளில் நேர்மாறு. படையல் என்றால் "அவருக்குப் பிடிச்சது" என்பது ஒன்றே சட்டம். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சுருட்டு, சில வீடுகளில் குவார்ட்டர் பாட்டில். ராத்திரியில் சுடச்சுடத் தோசையும் முதல்நாள் மீன்குழம்பும் கேட்டுச் சாப்பிட்டவருக்கு அதே தோசை, அதே குழம்பு. 'சிவலோக பதவி அடைந்தார்' என்று அறிவிப்புப் பலகை வைத்ததும் இதே குடும்பம்தான். சிவலோகத்தில் இருப்பவருக்குத் தோசை எதற்கு? வேறு உடம்பெடுத்துப் பிறந்துவிட்டார் என்றால் இங்கே இலை யாருக்கு? யாரும் கேட்பதில்லை, தீர்த்துவைக்க முயல்வதும் இல்லை. சித்தாந்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், தோசையை ஆறவிடாதே என்பதுதான் வீட்டு நிலை.

துறவிகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவர்கள் கைவைத்தது நேரே ராச்சாப்பாட்டில். புத்த பிக்குகளுக்கு நண்பகல் தாண்டினால் சாப்பாடு கிடையாது. சமணத்தில் துறவி மட்டுமல்ல, இல்லறத்தாரும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமண வீடுகளில் இதைக் கடைப்பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. இருட்டில் பூச்சி புழு சாகக் கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அது போதாதென்று, பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவற்றை விட்டுப் பழகும் சுவைத்துறவும் சமணத்தின் புறத்தவங்களில் ஒன்று. காந்தியின் ஆசிரமத்துப் பதினொரு விரதங்களில் ஒன்றின் பெயர் அஸ்வாதம். உணவை மருந்தைப் போல, உடம்பு நடக்கத் தேவையான அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும், ருசிக்காக அல்ல என்பது அதன் சாரம்.

ஏன் ராத்திரி? மத்தியானச் சோற்றை எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம். வயல் வரப்பில், பள்ளிக்கூட வராண்டாவில், ஆபீஸ் மேஜையில் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு. ராத்திரிதான் எல்லோரும் வீட்டுக்கு வருகிறார்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகு, ஒரே அடுப்பிலிருந்து, ஒரே கை எல்லோருக்கும் பரிமாறுகிறது. அதை விட்டவன் வீட்டை விட்டவன். துறவுச் சட்டங்களை எழுதியவர்கள் இதைச் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

தர்க்கக்காரர்கள் வேறு வழியாக வந்தார்கள். கௌதமரின் நியாய சூத்திரத்தில், மூன்றாம் அத்தியாயத்தில், ஆன்மா உண்டா என்று ஒரு நீண்ட வழக்கு. அங்கே சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுவது எச்சில். புளிப்பான பழத்தைக் கண் பார்க்கிறது. நாக்கில் நீர் ஊறுகிறது. பார்த்தது கண், ஊறியது நாக்கு. கண்ணுக்குப் புளிப்பு தெரியாது, நாக்குக்கு நிறம் தெரியாது. அப்படியானால் முன்பு ருசித்ததையும் இப்போது பார்ப்பதையும் ஒன்றுசேர்த்து நினைவுகூர்கிற ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். மாவடு ஜாடியைத் திறக்கும்போது வாய் ஊறுகிறதே, அதுவே 'நான்' ஒருவன் இருப்பதற்கு அத்தாட்சி. இறந்துபோன பாட்டியின் ரசத்தை நினைத்து ஐம்பது வயதுக்காரர் எச்சில் விழுங்குவதை இவ்வளவு மரியாதையோடு நடத்திய தத்துவம் வேறெங்கும் இருக்கிறதா என்பது சந்தேகம்.

அதே அத்தியாயம் இன்னும் ஒரு படி பின்னால் போகிறது. பிறந்த குழந்தைக்கு முலைப்பால் மேல் ஆசை எங்கிருந்து வந்தது? யாரும் கற்றுக்கொடுக்கவில்லையே? முற்பிறவியில் உண்டு பழகிய பழக்கம்தான் என்கிறது சூத்திரம். எதிராளி விடவில்லை: இரும்பு காந்தத்தை நோக்கி நகர்கிறதே, அது எந்தப் பிறவிப் பழக்கம்? அதற்கும் ஒரு மறுப்பு இருக்கிறது. இரும்பு காந்தத்தை நோக்கித்தான் நகரும், மண்ணாங்கட்டியை நோக்கி நகராது, அந்த நியதிக்கும் ஒரு காரணம் வேண்டுமே என்று.

இந்த வழக்கில் ஒரு சாட்சி மிகத் தாமதமாக வந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மென்னெல்லாவும் சக ஆய்வாளர்களும் 2001ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், முதன்முதலாகக் கேரட் கலந்த கூழை ஊட்டியபோது, மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக முகம் சுளித்தன. தாய் சாப்பிட்டதன் ருசி பனிக்குட நீரிலும் பாலிலும் இறங்கிவிடுகிறது. கௌதமர் தேடிய முற்பிறவி உண்டுதான். அது கருப்பைக்குள் நடந்த ஒன்பது மாதப் பிறவி என்று சொல்லத் தோன்றுகிறது. நியாயக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நியாயக்காரர்கள் எச்சிலை வைத்து நிறுவிய அந்த 'நான்' என்பவனைப் பௌத்தர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நினைவு இருந்தால் நினைக்கிறவன் ஒருவன் நிலையாக இருந்தாக வேண்டுமா என்ன? பருத்தி விதையை அரக்குச் சாயத்தில் தோய்த்து விதைத்தால் பஞ்சு சிவப்பாக வரும் என்பது அவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட உதாரணம். விதையில் பட்ட சாயம் செடியாய், பூவாய் மாறிமாறிப் போய்ப் பஞ்சில் தெரிகிறது; இடையில் மாறாத பொருள் எதுவும் இல்லை, தொடர்ச்சிதான் உண்டு. அப்படிப் பார்த்தால் ஐந்து வயசில் ரசம் சாதம் தின்ற பையனும் இன்றைக்கு அதற்கு ஏங்குகிற பெரியவரும் ஒரே ஆள் இல்லை. சாயம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. எந்தக் கட்சி சரி என்று இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. இரண்டு தரப்புமே சோற்று நினைவை அற்ப விஷயமாக ஒதுக்கவில்லை என்பது போதும்.

சரி, அந்த நினைவில் இருப்பது என்ன? சின்ன வயசுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் கல்யாணப் பந்தியை யாரும் எடுப்பதில்லை. கோயம்புத்தூர், ஈரோட்டுக்காரர் அரிசிம்பருப்பு என்பார். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் எல்லாம் ஒரே சட்டியில். காட்டு வேலை முடித்து வந்து கைகால் கழுவியவள் அரை மணியில் இறக்கிவிடுகிற சோறு. மேலே நல்லெண்ணெய், பக்கத்தில் தயிர். தர்மபுரிக்காரருக்குக் களியும் கீரைக் கடைசலும். யாழ்ப்பாணத்தார் புட்டு என்பார், இல்லையென்றால் இடியப்பமும் சொதியும். தஞ்சாவூர்ப் பக்கம் ரசம் சாதமும் தணலில் சுட்ட அப்பளமும். எல்லாமே ஏழைப் பண்டங்கள், பெரும்பாலும் இருப்பதை வைத்து ஒப்பேற்றியவை.

நிலாச்சோறு உண்டவர்களுக்கு ஒரு நுட்பம் தெரியும். மொட்டைமாடியிலோ முற்றத்திலோ பிள்ளைகள் வட்டமாக உட்கார, பாட்டி ஈயச்சட்டியில் மத்தியானச் சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து எடுத்து வருவாள். நீட்டிய கையில் ஓர் உருண்டை விழும். உருண்டையின் தலையில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. அந்தக் குழியில், சுண்டிக் கறுத்த வத்தக்குழம்பு ஒரு சொட்டு. குழி கரைவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கைக்கு ஓடிவிடும். எத்தனை உருண்டை என்று கணக்கு யாருக்கும் இல்லை. என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த வயசில் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, சம்பாதிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை. கை நீட்டினால் விழுந்தது. பிறகு எத்தனை நல்ல ஓட்டலில் சாப்பிட்டாலும் அங்கே தேர்வு இருக்கிறது, பில் இருக்கிறது. ஏங்குவது புளிக்கும் மிளகுக்கும் அல்ல என்று தோன்றுகிறது. கேளாமலே ஊட்டப்பட்ட நிலைக்கு.

பக்தி மரபு இதைத் துறவிகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டது. ஏனென்றால் அருள் என்று அது சொல்வதும் ஏறக்குறைய இதையேதான். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயசுக் குழந்தை அழுகிறது. தகப்பன் தண்ணீரில் மூழ்கியிருக்கிறார். அம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டுகிறாள். சம்பந்தரின் வாழ்க்கை அங்கே தொடங்குகிறது, சைவத் திருமுறை அவர் பாட்டில் தொடங்குகிறது. தவமில்லை, படிப்பில்லை. பசித்தது, அழுதது, அவ்வளவுதான்.

பெருமாள் கோயில்களில் இன்னும் வீட்டு வாடை அதிகம். கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் உப்பிலியப்பன். கிழவராக வந்து பெண் கேட்ட பெருமாளிடம் மார்க்கண்டேயர், "சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாராம் பெருமாள். இன்றுவரை அந்த மடப்பள்ளியில் உப்பில்லை. திருக்கண்ணபுரத்தில் முனியதரையன் என்ற அடியவர், கைப்பொருளெல்லாம் கோயிலுக்கே கொடுத்து ஓய்ந்துபோனவர், ஒருநாள் வெகுநேரம் கழித்து வீடு திரும்பினார். மனைவி பொங்கல் வைத்திருந்தாள். கோயில் நடை சாத்தியாகிவிட்டது. வீட்டிலிருந்தபடியே மனசால் நிவேதனம் செய்துவிட்டுச் சாப்பிட்டார். மறுநாள் நடை திறந்தால் சன்னதியெல்லாம் பொங்கல். அர்த்தஜாமத்தில் அங்கே முனியோதரம் பொங்கல் இன்றும் உண்டு. பெருமாளுக்கு அது ராச்சாப்பாடு. நேரம் கடந்து வந்தவனுக்கு எடுத்து வைத்திருந்த சோறு.

ஆண்டாள் இரண்டு பக்கத்தையும் பார்த்தவள். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் பாலும் நெய்யும் வேண்டாம் என்று நோன்பு. இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் ஒழுக ஒழுகப் பால்சோறு, அதுவும் தனியாக இல்லை, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து. விட்டதை அவள் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். கயாப் பண்டாவின் சட்டத்தில் இதற்கு இடமில்லை. அந்தப் பாசுரத்துக்குரிய கூடாரவல்லியன்று அக்காரவடிசில் கிளறாத வைணவ வீடும் இல்லை.

கிறிஸ்தவத்தின் மையமே ஓர் இரவுச் சாப்பாடு. தமிழ்ச் சபைகள் அதை இராப்போஜனம் என்றே சொல்கின்றன. லூக்கா சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் எம்மாவுக்கு நடந்துபோகும் இரண்டு சீஷர்கள், கூடவே வருகிறவர் வழியெல்லாம் வேதத்தை விளக்கியும் அவரை அடையாளம் காணவில்லை. பொழுது சாய்கிறது, தங்கிப்போகச் சொல்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் யாரென்று தெரிகிறது. வியாக்கியானத்தில் தெரியாத முகம் பரிமாறலில் தெரிந்துவிடுகிறது.

வீட்டுச் சோற்றின் பிடி அறுக்க வேண்டிய தளைதானா என்ற கேள்விக்குத் திருவண்ணாமலையில் இன்னும் கடினமான ஒரு சோதனை நடந்தது. 1896ல் வீட்டைவிட்டு வந்த வேங்கடராமன் ரமணராகிவிட்ட பிறகு, 1916ல் அம்மா அழகம்மாள் அவரோடு தங்கவே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, அடுப்பு மூட்டினார். துறவி விட்டு வந்த வீட்டுச் சமையல் மலைமேல் ஏறி வந்துவிட்டது. வெங்காயம் தொடாத ஆசாரக்கார அம்மாவை, "மோட்சத்துக்கு வெங்காயம் பெரிய தடை" என்று மகன் கேலி செய்ததுண்டு. ஒருமுறை அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்டாராம். மகன் இடவில்லை, அப்பளப் பாட்டு என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார். அகந்தை உளுந்து, அதை உடைக்க 'நான் யார்' என்னும் விசாரத் திரிகை, சத்சங்கம் பிரண்டைச் சாறு என்று அம்மாவின் கைப்பக்குவத்திலேயே வேதாந்தம். அதில் கவனிக்க வேண்டியது பெருங்காயம். மனத்தின் நல்ல வாசனைகளைப் பெருங்காயமாகச் சேர்க்கச் சொல்கிறார். எல்லாப் பதிவையும் துடைத்தெறியச் சொல்லவில்லை.

1922 மே 19 அன்று அழகம்மாளுக்கு அந்திமம். மகன் மணிக்கணக்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு கை மார்பில், ஒரு கை தலையில். வாசனைகள் கிளம்பிக் கிளம்பி அடங்கின என்று பிற்பாடு சொன்னார். இரவு எட்டு மணிக்கு உயிர் அடங்கியது. எழுந்தவர், இனிச் சாப்பிடலாம், தீட்டில்லை என்றார். அதுவரை அவர் சாப்பிட்டிருக்கவில்லை. பற்றறுத்தவர் என்று உலகம் சொன்ன மனிதர், அம்மா போன ராத்திரியில், எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடுகிறார். இதில் எது துறவு, எது வீடு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஆனால் இந்தக் கதைகளுக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. ராத்திரி அடுப்பு எரியாத வீட்டில் வளர்ந்தவருக்குச் சின்ன வயசுச் சோறு என்றால் ஏக்கம் வராது, வயிற்றைப் பிசையும். 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவது அவர்களை நினைத்துத்தான். பசித்தவனிடம் நாக்கை அடக்கு என்று சொல்லும் தத்துவத்தை வள்ளலார் முதலில் ஓரம்கட்டினார். வயிறு நிறையட்டும், மற்றது பிறகு.

வெளியே நிற்கும் இன்னொருவர், சமைத்தவர். இளையான்குடி மாறனார் கதை தெரிந்ததுதான். கொட்டும் மழை, நள்ளிரவு, வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை, வாசலில் அடியார். பகலில் விதைத்த நெல் முளைவிட்டிருக்கும், அதை வாரி வந்தால் சமைக்கலாம் என்று யோசனை சொன்னது மனைவி. இருட்டில் தடவித் தடவி வாரியது, கூரைக் கட்டையை அறுத்து விறகு தந்தது, கீரை பறித்தது மாறனார். ஈர நெல்லை வறுத்து, குத்தி, சோறாக்கி, அந்த ஒரே கீரையைப் பலவிதக் கறியாக்கியது மறுபடி மனைவி. சோதி தோன்றுகிறது, கதை முடிகிறது. அறுபத்துமூவர் வரிசையில் மாறனாருக்கு இடம், ஆவணி மகத்தில் குருபூஜை. அந்த அம்மாளின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை.

வீடுகளில் நடப்பதும் அதுதான். எல்லோரும் எழுந்த பிறகு, சட்டியோடு ஒட்டியதை வழித்து, மீந்த ரசத்தை ஊற்றி, பாதி நின்றுகொண்டே சாப்பிடுகிறவளுக்கு எது பிடிக்கும் என்று தெரிய வழியே இல்லாமல் போய்விடுகிறது. அப்பாவுக்குப் படையல் என்றால் பட்டியல் தயாராக இருக்கும். அம்மாவின் முதல் வருஷப் படையலுக்கு முந்தின நாள் பிள்ளைகள் போனில் கேட்டுக்கொள்கிறார்கள்: "அம்மாவுக்கு என்னடா பிடிக்கும்?" பெரியவன் அதிரசம் என்பான். அது அவனுக்குப் பிடித்தது. சின்னவள் மோர்க்குழம்பு என்பாள், அதுவும் அப்பாவுக்காக வைத்தது. கடைசியில் எல்லோரும் ஒத்துப்போகிற ஒன்றை வைப்பார்கள், ஒரு டம்ளர் காபி.